மொய் நோட்டில் ஏறாத செலவு

கல்யாணத்துக்கு என்ன ஆனது என்று கேட்டால் நம் வீடுகளில் கணக்கு இருக்கும். மண்டபத்துக்கு எவ்வளவு, சமையல்காரருக்கு எவ்வளவு, மேளத்துக்கு, பூவுக்கு, வீடியோவுக்கு எவ்வளவு, எத்தனை சவரன் போட்டோம், மாப்பிள்ளைக்கு என்ன வண்டி. பெரியப்பா மகன் வைத்த 51 ரூபாயும் மொய் நோட்டில் இருக்கும். இருபது வருடம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைப்பார்கள். அதே வீட்டில், அதே பெண் விவாகரத்து வாங்க எவ்வளவு ஆனது என்று கேட்டுப் பாருங்கள். "அது ஆச்சும்மா, என்னென்னமோ ஆச்சு" என்பார்கள். எந்த வளையல் அடகுக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது என்பதுவரை நினைவிருக்கும். வக்கீலுக்கு மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மறதி இதற்குக் காரணமில்லை. அந்தத் தொகையை யாரும் எந்தக் கட்டத்திலும் மொத்தமாகச் சொல்லவில்லை, எழுதித் தரவில்லை, ரசீது போடவில்லை. சொல்லப்படாத தொகையை எந்த நோட்டில் எழுதுவது?

பெண்ணுக்கு விவாகரத்து உரிமை உண்டா என்ற சண்டை பழையது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஒத்துவராத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. 1955இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 1976இல் இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் சேர்ந்தது. சட்டப் புத்தகத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் கதவருகே ஒருவர் உட்கார்ந்து கட்டணம் வாங்குகிறார். அந்தக் கட்டணத்தை யார் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அவர்கள் கட்டுவதில்லை. யாரிடம் வாங்கக் கூடாதோ அவளிடம் வாங்குகிறார்கள். நான் சண்டை போட விரும்புவது இந்த இடத்தில்தான்.

வக்கீலைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஆரம்பிப்போம். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு, விலை போட்டு விற்பதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. வழக்காடுவது வியாபாரம் இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு மளிகைக் கடையில் புளி என்ன விலை என்று அடுத்த கடையில் விசாரித்துவிட்டு வாங்கும் பெண், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் என்ன என்று நாலு இடத்தில் விசாரிக்க வழியில்லாமல் நிற்கிறாள். மகளிர் காவல் நிலையத்தில் யாரோ ஒரு கார்டு கொடுக்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில் இருக்கிறார். கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பெயர் சொல்கிறார். வக்கீலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பின்னால் யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது அவளாக இருக்காது.

அடுத்தது முதல் சந்திப்பு. இந்த உரையாடலை எத்தனையோ பெண்கள் வாய்வழி கேட்டாயிற்று, ஊர் மாறினாலும் வசனம் மாறுவதில்லை.

"ஃபீஸ் எவ்வளவு ஆகும் சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. முதல்ல ஒரு பத்து கொடுங்க, நோட்டீஸ் விட்டுரலாம். வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?"

இரண்டே வரியில் எல்லாம் வந்துவிட்டது. தொகை திறந்த முனையில் நிற்கிறது. பேச வேண்டிய ஆள் அவள் இல்லை என்பதும் சொல்லப்பட்டுவிட்டது. அந்தப் "பத்து"க்குப் பின்னால் நோட்டீஸ், மனு தயாரிக்க ஒரு தொகை, நம்பர் ஆக ஒரு தொகை, குமாஸ்தாவுக்குத் தனி, டைப்பிங்குக்குத் தனி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜர் செலவு, குறுக்கு விசாரணை வந்தால் சீனியருக்குத் தனி. இதில் அரசுக்குப் போகும் நீதிமன்றக் கட்டணம் மிகச் சிறிய தொகை. மற்றதெல்லாம் பேச்சில் நடப்பது.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண், நாள் கூலி 450 ரூபாய், மாதம் 25 நாள் வேலை, ஆக 11,250. வழக்குக்கு முன்பணம் 30,000. எதிர்த்து நடக்கும் வழக்கு, 30 வாய்தா என்று வையுங்கள். இதைவிடக் கூடுதலாகப் போன வழக்குகள் எனக்குத் தெரியும். வாய்தாவுக்கு வக்கீலுக்கு 500, குமாஸ்தாவுக்கு 100, பஸ்ஸும் சாப்பாடும் 150, போன கூலி 450. ஒரு நாளுக்கு 1,200 ஆகிறது. முப்பது நாளுக்கு 36,000. முன்பணத்தோடு சேர்த்தால் 66,000. ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். இந்த ஆறு மாதமும் அவள் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். (டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான். கோர்ட் வேறு ஊரில் இருந்தால் அந்தச் சலுகையும் நிலையத்தோடு நின்றுவிடுகிறது.) பாதி வாய்தாக்களில் நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிமன்றப் புறக்கணிப்பு. ஒன்றுமே நடக்காத நாளுக்கும் 1,200 ரூபாய் போய்விடுகிறது.

இது ஒரு வழக்குக்கு. ஒரு பெண்ணின் துயரம் நம் கோர்ட்டுகளில் ஒரே வழக்காக இருப்பது அபூர்வம். விவாகரத்துக்கு ஒரு ஓ.பி., ஜீவனாம்சத்துக்கு ஒரு எம்.சி., குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, நகையைத் திருப்பிக் கேட்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வக்காலத்து, தனி ஃபீஸ், தனி வாய்தா. கணவன் அவன் ஊரில் "சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்" என்று ஒன்று போட்டிருப்பான். அதை மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் இன்னொன்று, அதற்குச் சென்னையிலோ மதுரையிலோ இன்னொரு வக்கீல். இத்தனையும் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? பெரும்பகுதி இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளைகளின் பொறுப்பை விவாகரத்து வழக்கிலேயே தீர்க்கச் சொல்கிறது. திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொருட்களைப் பற்றி 27ஆம் பிரிவு பேசுகிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்னும் தெளிவு: குடியிருக்கும் உரிமை, பாதுகாப்பு, பணம், நகை என்று அந்தச் சட்டம் தரும் நிவாரணங்களை ஏற்கெனவே நடக்கும் குடும்ப நல வழக்கிலேயே கேட்கலாம். 2003க்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். இந்த நான்கையும் முதல் சந்திப்பிலேயே அவளிடம் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். சொன்னால் ஐந்து ஃபீஸ் ஒரு ஃபீஸாகிவிடும். தனித்தனியாகப் போடுவதில் சில சமயம் உண்மையான பயன் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு சீக்கிரம் வரலாம். அப்படியானால் அந்தக் காரணத்தைச் சொல்லி, அவளைக் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு போடட்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும்தான். அம்மா வீட்டில் போட்ட நகை அது. கணவன் வீட்டார் பிடுங்கியது போக மிச்சம் இருப்பது. அதுவும் இல்லையென்றால் அப்பாவின் ஓய்வூதியப் பணம், அண்ணன் வாங்கிய கடன். இங்கேதான் ஃபீஸ் வெறும் பணப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டுகிறது. காசு கொடுப்பவர்தான் கட்சிக்காரர் என்ற எழுதப்படாத விதி ஒன்று வக்கீல் அலுவலகங்களில் இருக்கிறது. அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார், வழக்குக்குச் சொந்தக்காரி வெளியே பெஞ்சில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பேசி முடிச்சிரலாம், கோர்ட் வருஷக்கணக்கா இழுக்கும்" என்று இரண்டு தரப்பு ஆண்களும் இரண்டு வக்கீல்களும் டீக்கடையில் முடிவு செய்வார்கள். அவளுக்கு எதிர்கால ஜீவனாம்சம் வேண்டாம், நகை வேண்டாம், போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொள்கிறாள் என்று ஒரு கூட்டு மனு தயாராகும். இருவரும் சம்மதித்த விவாகரத்து என்று அதற்குப் பெயர். நீதிபதி "சம்மதமா?" என்று கேட்பார். அடகுக் கடை ரசீது இடுப்பில் இருக்கும்போது அவள் என்ன சொல்வாள்?

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவள்தான் கட்சிக்காரி. வேறு யார் பணம் கொடுத்தாலும் வக்கீலுக்கு உத்தரவு கொடுக்க அவளுக்கு மட்டுமே உரிமை. இதை அண்ணன்களிடம் சொல்வதற்கு முன் வக்கீல்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் பெண்கள் எல்லாரும் தங்கள் பெயர்போலத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். வழக்கு நடக்கும் காலத்தில் சொந்த வருமானம் போதாத துணைவருக்கு மாதாந்திர ஜீவனாம்சம் மட்டுமல்லாமல் வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்குச் செலவு என்றால் வக்கீல் ஃபீஸ், போக்குவரத்து எல்லாம்தான். அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 2001இல் திருத்தமும் வந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் 36ஆம் பிரிவு மனைவிக்கு இதையே தருகிறது. ஜீவனாம்சத்துக்கு எல்லா மதத்துப் பெண்களும் போகும் பழைய 125ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144, அதிலும் இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவு கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் அந்தப் பிரிவில் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் சொல்லிவிட்டது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இன்னொரு படி போனது: கணவன் மனைவி இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு.

ஆக, வருமானம் இல்லாத மனைவியின் வக்கீல் ஃபீஸைக் கணவன் கொடுப்பது சலுகை கிடையாது, சட்டத்தின் எதிர்பார்ப்பு அது. பின் ஏன் நகை அடகுக்குப் போகிறது? 24ஆம் பிரிவு மனுவை முதல் நாளே விவாகரத்து மனுவோடு சேர்த்துப் போடாமல், "அப்புறம் போடலாம்" என்று தள்ளுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். நகையிலிருந்து பணம் வந்துகொண்டிருக்கும்போது கணவனிடம் வாங்கித் தர வேண்டிய அவசரம் அவர்களுக்கு என்ன? போட்டாலும் 60 நாள் மாதங்களாக நீள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வழக்குச் செலவு என்று கடைசியில் எழுதும் தொகை சில சமயம் அவள் ஏற்கெனவே கொடுத்த முன்பணத்துக்கே காணாது. "என்ன செலவு ஆனது, ரசீது எங்கே?" என்று கேட்டால் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. ரசீது தராத வக்கீல், தன் கட்சிக்காரியின் 24ஆம் பிரிவு மனுவுக்கான சாட்சியத்தைத் தானே இல்லாமல் ஆக்குகிறார். இந்தத் தொடர்பை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது வழி அரசு கொடுக்க வேண்டியது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு. இலவச சட்ட உதவி யாருக்கு என்று பட்டியல் போடும் அந்தப் பிரிவில் "பெண் அல்லது குழந்தை" என்று இருக்கிறது. ஏழைப் பெண் என்று இல்லை. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. பெண் என்பது ஒன்றே போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். வக்கீல் மட்டுமில்லை, நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல், தயாரிப்புச் செலவு எல்லாம் இதில் அடங்கும். அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் அவளிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது.

இதைச் சொன்னதும் வரும் பதில் எனக்குத் தெரியும். "ஃப்ரீ வக்கீல் சரியா வாதாட மாட்டாங்க." இது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் இருக்கும் வக்கீலுக்கு ஒரு வழக்குக்கு அரசு கொடுக்கும் தொகை குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது. அக்கறை குறைவதும் நடக்கிறது. ஆனால் ஃபீஸ் வாங்கும் வக்கீல்கள் எல்லாரும் சரியாக வாதாடுகிறார்கள் என்று யார் சொன்னது? மாத வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பி "டைம் கேளு" என்று சொல்வதற்கும் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். சட்ட உதவி வக்கீலை மாற்றிக் கேட்க அவளுக்கு வழி இருக்கிறது. வழக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்று வைக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. காசு கொடுத்த வக்கீலைக் கண்காணிக்க எந்தக் குழுவும் இல்லை. அதைவிட முக்கியம், இலவச வக்கீல் மட்டம் என்ற பேச்சைப் பரப்புவதில் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றுக்கொண்டவள் மட்டம் என்று பேசியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். தரம் குறைவென்றால் கூட்டத்தோடு போய் நின்று தரம் கேட்போம். பட்டியல் வக்கீலின் ஊதியத்தை உயர்த்தச் சொல்வோம். நடுத்தர வர்க்கப் பெண்களும் அந்த அறைக்குப் போகத் தொடங்கினால்தான் அந்த அறை சரியாகும்.

குடும்ப நல நீதிமன்றம் என்ற ஏற்பாடே வக்கீல் கெடுபிடியைக் குறைக்க வந்தது என்பது இன்னொரு கசப்பு. பெண்களின் நிலையை ஆராய்ந்த தேசியக் குழு 1974இல் கொடுத்த அறிக்கை இப்படி ஒரு நீதிமன்றம் வேண்டும் என்றது. 1984இல் சட்டம் வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை ஆகாது. நீதிமன்றம் அனுமதித்தால் உண்டு. பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்லட்டும் என்பது அந்தப் பிரிவின் கனவு. இன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள், கறுப்புக் கோட்டில்லாத வாய் பேசுவது அரிது. சொத்துத் தகராறு இல்லாமல், பிள்ளை விஷயத்தில் ஒத்த கருத்தோடு இருவரும் பிரியும் வழக்கில் நேரில் ஆஜராகித் தானே பேசும் துணிச்சல் வேண்டும் என்பது என் கட்சி. எதிர்த்து நடக்கும் வழக்கில் அதைச் சொல்ல மாட்டேன். கணவனுக்காக ஒரு சீனியர் எழுந்து "நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள்?" என்று குறுக்கு விசாரணை செய்யும்போது அவள் பக்கத்தில் ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்ல வேண்டும்.

வக்கீல்கள் மறுமொழி சொல்வார்கள்: எங்களுக்கும் வயிறு இருக்கிறது. இருக்கிறது. இளம் வக்கீல்கள், அதிலும் பெண் ஜூனியர்கள், சம்பளமே இல்லாமல் கட்டுத் தூக்குகிறார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று, சென்னை போன்ற நகரங்களில் மாதம் 20,000 என்று, சென்னை உயர் நீதிமன்றமே 2024இல் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் அந்த வயிற்றுக்கும் ரசீது தராமல் வாங்குவதற்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் பில் தருகிறார், எலக்ட்ரீஷியன் தாளில் எழுதித் தருகிறார். ஃபீஸ் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணை, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறேன். இது உங்கள் பார் கவுன்சில் விதிகளிலேயே பாதி இருக்கிறது: கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், தகுந்த காரணமில்லாமல் வழக்கிலிருந்து விலகக் கூடாது, விலகினால் உழைக்காத ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும்.

அதே விதிகளில் இன்னொன்று இருக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, வரும் பணத்தில் பங்கு கேட்கக் கூடாது. "ஜீவனாம்சம் மொத்தமா வந்தா இருபது பெர்சன்ட் எனக்கு" என்ற பேரம் சட்டவிரோதம். விபத்தில் கணவனை இழந்த ஒரு தெலங்கானாப் பெண்ணிடம் இழப்பீட்டில் விகிதம் போட்டு, காசோலை வாங்கி, அது திரும்பியதும் அவள்மேல் குற்ற வழக்குப் போட்டார் அவளுடைய வக்கீல். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது, அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்றது. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வக்கீலுக்கு உரிமையில்லை. 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை பில், பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றின் அசலையும் கொடுத்துவிட்டு, வக்கீலை மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்ட பெண்கள் ஒவ்வொரு கோர்ட் வராந்தாவிலும் நிற்கிறார்கள். அசலைக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நாளில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

முறையிட எங்கே போவது? 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. மிக்ஸி கெட்டுப்போனால் நுகர்வோர் மன்றம் போகலாம், வழக்குக் கெட்டுப்போனால் போக முடியாது. மிஞ்சுவது மாநில பார் கவுன்சில். வக்கீலைப் பற்றிய புகாரை வக்கீல்கள் விசாரிக்கும் இடம். அதற்கும் எழுத்துப்பூர்வமான ஆதாரம் வேண்டும், கையில் கொடுத்த பணத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஜிபே-யில் போடுங்கள், வங்கியில் போடுங்கள், எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். அதை வாங்க மறுக்கும் வக்கீலைப் பற்றி அப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிடும். வழக்கு நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று உங்கள் போனிலேயே தெரியும். "நேத்து உங்க கேஸ் வந்துச்சும்மா, ஐந்நூறு அனுப்புங்க" என்ற அழைப்பு உண்மையா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

சட்டக் கல்லூரிகளில் படிக்கும் மாணவிகள் இதை வாசிப்பீர்கள் என்பதால் உங்களுக்கு ஒன்று. நாளை நீங்கள் வக்காலத்துப் போடும் முதல் பெண்ணுக்கு ஃபீஸை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 24ஆம் பிரிவு மனுவை முதல் நாளே போடுங்கள். சட்ட உதவி அறை எந்த மாடியில் இருக்கிறது என்று அவள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். சீனியர் சிரிப்பார், "பிழைக்கத் தெரியாதவள்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மற்ற எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு குடும்ப நல நீதிமன்ற வாசலிலும், விவாகரத்து மனுக்கள் விசாரிக்கப்படும் ஒவ்வொரு சார்பு நீதிமன்ற வாசலிலும், நாலு அடிக்கு மூன்று அடி தகரப் பலகை. அதில் தமிழில், பெரிய எழுத்தில்: பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு, அறை எண் இது. வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடம் கேட்கலாம், பிரிவு இது. இன்று நிலுவையில் 60 நாளைத் தாண்டிய இடைக்கால ஜீவனாம்ச மனுக்கள் இத்தனை. கடைசி எண்ணை மட்டும் மாதா மாதம் மாற்றி எழுத ஒரு சாக்பீஸ் வேண்டும்.